ஆளைக் குறைத்தால் செலவு குறையுமா? நகர நிர்வாகத்தின் பணியாளர் செலவு குறித்து ஓர் எளிய விளக்கம்

ஒரு நகர நிர்வாகம் நிதி நெருக்கடியில் சிக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் உரக்கக் கேட்கும். பத்துப் பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் செலவில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்பது ஒரு குரல். ஒருவர் மீது கை வைத்தாலும் நகரம் நின்றுவிடும் என்பது மற்றொன்று. எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றினாலும், பணியாளர் எண்ணிக்கையும் பணியாளர் செலவும் ஒரே அளவில் ஏறி இறங்கும் என்ற ஒரே அனுமானத்தின் மீதுதான் இரண்டும் நிற்கின்றன. அந்த அனுமானம் பிழையானது. ஆள் குறைந்தும் செலவு குறையாத நகரங்கள் உண்டு. ஒருவரையும் நீக்காமல் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், நெருக்கடி என்பது என்ன?

வருமானம் திடீரெனக் குறைந்துபோன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் செலவுகளில் சிலவற்றை நாளைக்கே நிறுத்திவிடலாம். கடன் தவணை போன்றவற்றை நிறுத்த முடியாது, ஏனெனில் அவை முன்பே கொடுத்த வாக்கு. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. ஒழுகும் கூரையைப் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட்டால் இந்த மாதக் கணக்கில் பணம் மிஞ்சும், ஆனால் அதைச் சேமிப்பு என்று சொல்ல மாட்டோம். நகரத்தின் பணியாளர் செலவிலும் இந்த மூன்று வகைகளும் கலந்திருக்கின்றன. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் வெட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

நகரத்துக்கும் தேசிய அரசுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நகரத்தால் நாணயம் அச்சிட முடியாது. அமெரிக்கா உள்ளிட்ட பல இடங்களில், அன்றாடச் செலவுக்காக நீண்ட காலக் கடன் வாங்கவும் சட்டமும் நடைமுறையும் இடம் தருவதில்லை. அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1975-இன் நியூயார்க் மாநகரம் சான்று. பாலம், பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனக் கணக்கிலேயே அன்றாடச் செலவுகளையும் பல ஆண்டுகளாக எழுதி வந்தது அந்நகரம். கடைசியில் அதன் கடன் பத்திரங்களை வாங்கச் சந்தையில் ஆளில்லாமல் போயிற்று.

ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு, ஆண்டுதோறும் திரும்ப வரும் வருவாயை விட அதிகமாக இருப்பதைக் கட்டமைப்புப் பற்றாக்குறை என்பார்கள். நிலத்தை விற்றோ முன்பு சேர்த்து வைத்த கையிருப்பை எடுத்தோ அதை ஓராண்டுக்கு மறைக்கலாம். அடுத்த ஆண்டு அதே இடைவெளி மீண்டும் வந்து நிற்கும். பணியாளர் செலவுதான் திரும்பத் திரும்ப வரும் செலவுகளில் மிகப் பெரியது என்பதால் எல்லோருடைய பார்வையும் அதன் மீது விழுகிறது. அந்தப் பார்வையில் தவறில்லை. பார்க்கும் விதத்தில்தான் தவறு இருக்கிறது.

சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?

நகரத்திடம் இருப்பது ஒரே பணப்பெட்டி அல்ல. வரிகளிலிருந்து வரும் பணம் சேர்ந்து, காவல், தீயணைப்பு, நூலகம், பூங்கா எனப் பலவற்றுக்கும் செலவாகும் பெட்டிக்குப் பொது நிதி என்று பெயர். குடிநீர்க் கட்டணம், துறைமுகக் கட்டணம், மேலரசு தரும் குறிப்பிட்ட மானியம் போன்றவை தனித்தனிப் பெட்டிகளில் சேரும். ஒரு பெட்டியின் பணத்தை மற்றொன்றுக்கு மாற்றுவதை விதிகள் பெரும்பாலும் தடுக்கின்றன.

இதன் விளைவைப் பாருங்கள். பற்றாக்குறை பொது நிதியில் இருக்கும்போது குடிநீர்ப் பிரிவில் நூறு பேரை நீக்கினால், செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வரும், பற்றாக்குறையோ அப்படியே இருக்கும். கட்டட அனுமதி வழங்கும் ஊழியர், வரி மதிப்பீட்டாளர் போன்றோரை நீக்கினால் நிலைமை இன்னும் மோசமாகலாம், ஏனெனில் அவர்களுடைய சம்பளத்தோடு அவர்கள் ஈட்டித் தரும் வருவாயும் போய்விடுகிறது. நூற்றுக்கு இத்தனை விழுக்காடு எல்லாத் துறைகளிலும் குறைப்போம் என்ற அறிவிப்பு பார்வைக்கு நியாயமானது. நடைமுறையில், கணக்குப் பார்க்கச் சோம்பியவர்களின் முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காலிப் பணியிடம் தரும் மாயச் சேமிப்பு

பணியிடம், பணியாளர் ஆகிய இரு சொற்களையும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். வரவு செலவுத் திட்டத்தில் அவை வேறு வேறு. பணியிடம் என்பது ஒப்புதல் பெற்ற ஒரு நாற்காலி. பணியாளர் அதில் அமர்ந்திருப்பவர். எந்த நகரத்திலும் எந்த நாளிலும் சில நாற்காலிகள் காலியாகவே இருக்கும். அனுபவமுள்ள நிதி அலுவலர்கள் இதை முன்கூட்டியே மதிப்பிட்டு, எல்லாப் பணியிடங்களுக்கும் முழுச் சம்பளம் ஒதுக்காமல் ஒரு பகுதியைக் கழித்துத்தான் திட்டம் போடுவார்கள்.

ஆகவே ‘500 பணியிடங்கள் ஒழிப்பு’ என்ற அறிவிப்பைக் கண்டால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவற்றில் எத்தனை நாற்காலிகளில் ஆள் இருந்தது, எத்தனைக்கு உண்மையில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது? மூன்றாண்டுகளாகக் காலியாக இருந்து, பணமும் ஒதுக்கப்படாத இடத்தை ஒழிப்பதால் மிஞ்சுவது காகிதம் மட்டுமே.

புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவைப்பதும் இதன் உறவுக்காரர்தான். ஓய்வு பெறுபவர், விலகுபவர் ஆகியோரின் இடங்கள் தாமாகவே காலியாகும். அவற்றை நிரப்பாமல் விட்டால் எவரும் வேலை இழக்காமல் எண்ணிக்கை குறையும். மனிதாபிமானத்தில் இதற்கு நிகரான வழி இல்லை. ஆனால் எந்த இடம் காலியாகும் என்பதை நிர்வாகம் தீர்மானிப்பதில்லை, தற்செயல் தீர்மானிக்கிறது. வெளியே எளிதில் வேலை கிடைக்கக்கூடிய பொறியாளரும் கணினி வல்லுநரும் முதலில் போவார்கள். எங்கே ஆள் மிகுதியோ அங்கே யாரும் நகர மாட்டார்கள்.

சுருங்கச் சொன்னால், எந்த நிதியிலிருந்து, ஆள் இருந்த நாற்காலியா, பணம் ஒதுக்கிய நாற்காலியா என்ற மூன்றும் தெரியாமல் ஒரு குறைப்பின் மதிப்பை யாரும் சொல்ல முடியாது.

இருபத்து நான்கு மணி நேர நாற்காலி: ஒரு கணக்கு

மேசையில் இருந்து செய்யும் வேலையில் ஒருவர் குறைந்தால் கோப்பு காத்திருக்கும். தீயணைப்பு நிலையத்திலும் அவசர அழைப்பு மையத்திலும் அப்படிக் காத்திருக்க முடியாது. அங்கே ஒரு நாற்காலியில் இரவும் பகலும் யாராவது இருந்தே ஆக வேண்டும். இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கணக்கு முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 2,080 மணி நேரச் சம்பளம். அதில் விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றுக்கு 300 மணி நேரம் போனால், அவர் உண்மையில் அந்த நாற்காலியில் இருப்பது 1,780 மணி நேரம். ஒரே ஒரு நாற்காலியை ஆண்டு முழுவதும் நிரப்ப ஏறத்தாழ ஐந்து பேர் தேவை. ‘ஒருவர் செய்யும் வேலைக்கு ஐந்து பேரா?’ என்று கேட்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

இப்போது ஐந்தாமவரை நீக்குவோம். மீதமுள்ள நால்வர் தருவது 7,120 மணி நேரம், குறைவது 1,640. நாற்காலியை ஒழிக்காததால் அந்த நேரத்தை அவர்களே ஓவர்டைமில் செய்ய வேண்டும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றால், நகரம் தர வேண்டியது 2,460 மணி நேரக் கூலி. ஐந்தாமவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? 2,080 மணி நேரச் சம்பளம், அதற்கு மேல் ஓய்வூதியப் பங்கு, காப்பீடு போன்றவற்றுக்கு 35 விழுக்காடு என்று வைத்தால் 2,808 மணி நேரக் கூலிக்குச் சமம். ஆக, 2,808 மிஞ்சும் என்று நம்பிய இடத்தில் மிஞ்சியது 348. எதிர்பார்த்ததில் எட்டில் ஒரு பங்கு. ஓய்வின்றி உழைக்கும் நால்வரும் களைப்பால் ஆளுக்கு 60 மணி நேரம் கூடுதலாக நோய் விடுப்பு எடுத்தால், அந்த 240 மணி நேரத்தை ஒன்றரை மடங்கில் நிரப்ப 360 வேண்டும். மிச்சம் மறைந்து, சிறிய நட்டமே வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்து ஓவர்டைம் எப்போதும் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓய்வூதியமும் காப்பீடும் மிகச் செலவானவையாக இருக்கும் இடத்தில், அளவான ஓவர்டைம் புது ஆளை விட மலிவாகவே இருக்கும். மேலுள்ள 348 அதைத்தான் காட்டுகிறது. ஆளை நீக்கிவிட்டு வேலையை வைத்துக்கொண்டால் செலவு வேறு தலைப்புக்கு இடம் மாறுகிறது என்பதே இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. நாற்காலியையே ஒழித்தால், அதாவது நிலையத்தை மூடினால் அல்லது வண்டியில் செல்வோர் எண்ணிக்கையைக் குறைத்தால், சேமிப்பு முழுதாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு வண்டி சில நிமிடங்கள் தாமதமாக வரும் என்று மக்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தயங்கித்தான் பல நிர்வாகங்கள் ஓவர்டைமுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

வேலை நீக்கம்: மலிவானவர் முதலில் போகிறார்

பெரும்பாலான அரசுப் பணிகளில் வேலை நீக்கம் பணிமூப்பு வரிசையில் நடக்கும். பணிமூப்பு என்பது எவ்வளவு காலம் பணியில் இருக்கிறார் என்ற தரவரிசை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். யாரை வேண்டுமானாலும் பழிவாங்கலாம் என்ற நிலையைத் தடுக்கும் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரே குறைந்த சம்பளம் வாங்குபவர். பத்தில் ஒருவர் போனாலும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு குறையாது. நீக்கப்படும் நாளில் தேங்கிய விடுப்புக்கான பணமும் இழப்பீடும் கொடுக்க வேண்டியிருப்பதால், முதல் ஆண்டின் சேமிப்பு மேலும் சுருங்கும். நிதியாண்டின் நடுவில் நீக்கினால் பாதி ஆண்டுச் சம்பளம் ஏற்கெனவே போயிருக்கும்.

1975 ஜூலை 1 அன்று நியூயார்க் ஆயிரக்கணக்கான ஊழியர்களை நீக்கியது. காவலர்கள் மட்டும் சுமார் 5,000 பேர். துப்புரவுப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினர், கோடை வெயிலில் தெருவெல்லாம் குப்பை குவிந்தது. சில நாட்களிலேயே நீக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைத் திரும்ப எடுக்க நேர்ந்தது. பணிமூப்பு விதி அங்கே வேறொன்றையும் செய்தது: ரோந்துப் பணியில் அப்போதுதான் சேர்க்கப்பட்டிருந்த பெண்களைப் பெருமளவில் அது வெளியேற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் நகரம் கடன் தவறும் விளிம்பில் நின்றபோது, ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்க இசைந்ததால் அந்த நாள் தப்பியது. குறைக்க வேண்டிய செலவு என்று பேசப்பட்டவர்களின் சேமிப்பே நகரத்துக்குக் கைகொடுத்தது என்பதை அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஊதியமில்லா விடுப்பும் ஊதிய நிறுத்தமும்

எல்லோரும் ஆண்டுக்கு 12 நாள் ஊதியமின்றி வீட்டிலிருந்தால், 260 வேலை நாளில் அது சுமார் 4.6 விழுக்காடு. உடனே பலன் தரும். யாரும் வேலை இழப்பதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு விடுப்பு நின்றதும் செலவு பழைய உயரத்துக்கே போய்விடும். இருபத்து நான்கு மணி நேர நாற்காலிகளுக்கு இது பொருந்தவும் பொருந்தாது.

ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது வேறு வகை. ஓராண்டு உயர்வை அறவே கைவிட்டால், அடுத்த ஒவ்வோர் ஆண்டின் சம்பளமும் தாழ்ந்த அடித்தளத்திலிருந்து தொடங்குவதால் பலன் நிலைக்கும். பிறகு சேர்த்துத் தருவோம் என்று ஒப்பந்தம் செய்தால் அது சேமிப்பே அல்ல, ஊழியர்களிடம் வாங்கிய கடன்.

முன்கூட்டிய ஓய்வும் பழைய வாக்குறுதிகளும்

மூத்தவர்கள் விரும்பி முன்னதாகவே ஓய்வு பெறச் சலுகை கொடுப்பது பணிமூப்புச் சிக்கலுக்கு நேரெதிர் மருந்து போலத் தோன்றும். அதிகச் சம்பளக்காரர்கள் போகிறார்கள், யாரும் அழுவதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் 2009, 2010 ஆண்டுகளில் இப்படிச் சுமார் 2,400 பேரை அனுப்பியது. ஆனால் அவர்களுக்கான செலவு மறையவில்லை; சம்பளப் பட்டியலிலிருந்து ஓய்வூதியப் பட்டியலுக்கு மாறியது. ஓய்வூதிய நிதி முன்பே கணக்கிட்டதை விடக் கூடுதல் ஆண்டுகள் பணம் தர வேண்டும், அந்தக் குறையை நகரமே பின்னாளில் நிரப்ப வேண்டும். காலியான இடங்களில் மீண்டும் ஆளெடுத்துவிட்டால் இரட்டைச் செலவு. முன்கூட்டிய ஓய்வு சேமிப்பாவதற்கு ஒரே நிபந்தனை, காலியான இடங்களில் பெரும்பாலானவை நிரப்பப்படாமலே இருப்பது. அதாவது அந்த வேலை இனி இல்லை என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இங்கே பணியாளர் செலவின் மிகக் கடினமான பகுதி வருகிறது. இன்று வேலை செய்பவரின் சம்பளம் ஒன்று. நேற்று வேலை செய்தவருக்குக் கொடுத்த வாக்கு இன்னொன்று. கொடுக்க வேண்டிய எதிர்கால ஓய்வூதியத்துக்கும் அதற்காகச் சேர்த்து வைத்த பணத்துக்கும் உள்ள இடைவெளியை நிதியில்லாப் பொறுப்பு என்பார்கள். ஆட்களைக் குறைப்பதால் இது சிறிதும் குறையாது; பங்கு செலுத்துவோர் குறைவதால் தாங்கும் தோள்கள்தான் குறைகின்றன.

டெட்ராய்ட் 2013 ஜூலை 18 அன்று திவால் மனு கொடுத்தபோது அதன் கடன் சுமார் 1,800 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆட்களைக் குறைத்து வந்த நகரம் அது. அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர் ஒருவருக்கு ஏறத்தாழ இரண்டு ஓய்வூதியர்கள் இருந்தார்கள். தெருவிளக்குகளில் சுமார் நாற்பது விழுக்காடு எரியவில்லை. 2014-இல் எட்டிய தீர்வில், காவலும் தீயணைப்பும் அல்லாத பொதுப் பிரிவு ஓய்வூதியர்களின் மாத ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைந்தது, விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் பிறரும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வராதிருந்தால் அடி இன்னும் கடுமையாக விழுந்திருக்கும்.

இதுவரை பார்த்ததில், நாளையே குறையும் செலவு, வேறு தலைப்புக்குத் தாவும் செலவு, ஆள் போனாலும் தங்கிவிடும் செலவு என மூன்றும் வந்துவிட்டன.

வெளியாரிடம் ஒப்படைத்தால்?

வேலையை ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தால் ஊழியர் எண்ணிக்கை ஒரே நாளில் குறையும். செலவு ‘சம்பளம்’ என்ற வரியிலிருந்து ‘சேவைக் கட்டணம்’ என்ற வரிக்குப் போகும். நிறுவனம் வேலையை வேறு விதமாகச் செய்வதால் மலிவாகிறதா, குறைந்த கூலி கொடுப்பதால் மலிவாகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஆட்களின் செலவையும் சேர்க்க வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் 2005-இல் உருவான சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம், காவலும் தீயணைப்பும் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் வெளியாரிடம் கொடுத்துப் புகழ்பெற்றது. 2019-இல் அதே நகரம் அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஐந்தாண்டுகளில் 1.4 கோடி டாலருக்கு மேல் மிஞ்சும் என்பது அதன் கணக்கு. வெளியாரும் மலிவாக இருக்கலாம், சொந்த ஊழியரும் மலிவாக இருக்கலாம். அந்தந்த நேரத்தின் விலையைப் பார்க்காமல் கொள்கையால் இதைத் தீர்க்க முடியாது.

சம்பள அமைப்பில் ஒளிந்திருக்கும் கடன்

எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே பேசுபவர்கள் கவனிக்காத ஒன்றை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் காட்டுகிறது. அங்கே குப்பை அள்ளுதல் போன்ற, ஆண்கள் மிகுதியாக இருந்த வேலைகளுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை, அதே மதிப்புடையவையாகத் தரப்படுத்தப்பட்ட சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் இருந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தொடுத்த சம ஊதிய வழக்குகளுக்கு 2023 வாக்கில் நகர மன்றம் சுமார் 110 கோடி பவுண்டு கொடுத்திருந்தது; மேலும் 65 முதல் 76 கோடி பவுண்டு வரை பொறுப்பு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2023 செப்டம்பரில், அத்தியாவசியச் சேவை தவிரப் புதிய செலவுகளை நிறுத்தும் 114-ஆம் பிரிவு அறிவிப்பை அது வெளியிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சிக்கலை அடைக்கும் முயற்சியோடு பிணைந்ததுதான் பின்னர் வந்த குப்பை வேலைநிறுத்தமும். குப்பை வண்டிகளில் இருந்த ஒரு பதவியை மன்றம் ஒழித்ததை எதிர்த்து, 2025 மார்ச்சில் பணியாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பதவியின் பெயரும் படியும் தெருமுனையில் மலைபோல் குவிந்த கறுப்புப் பைகளாக முடிந்தன.

வேலையைக் குறைப்பது

மேலே சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, ஆள் போன பிறகு அந்த வேலையை யார் செய்வது என்பது. யாரும் செய்யத் தேவையில்லை என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய இடத்தில்தான் சேமிப்பு நிலைக்கிறது. இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லாத இடங்களும் உண்டு. ஓர் அனுமதி விண்ணப்பம் ஏழு மேசைகளைக் கடக்கிறது என்றால், அவற்றில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும் மேசைகள் எவை என்று கோப்போடு கூடவே நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஏழை நான்காக்கிவிட்டு, மீதி மூன்று மேசைகளில் இருப்பவர்களை ஓவர்டைம் குவியும் பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுத்து மாற்றினால், ஒருவரும் வேலை இழக்காமலே இரண்டு தலைப்புகளில் செலவு குறையும். ஆனால் ஏழு மேசைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு மூவரை மட்டும் நீக்கிவிட்டால், கோப்பு அந்த மூன்று காலி மேசைகளிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். சில மாதங்களில் அதை எழுப்ப மூன்று தற்காலிக ஊழியர்களுக்கு ஒப்புதல் கேட்டு இன்னொரு கோப்பு கிளம்பும்.